லீவு கிடைக்காத கேப்டன்
ஒலிம்பிக் ஆக்கிக்காக ஐ.சி.எஸ். பதவியை இழந்த ஜெய்பால் சிங்

ஆபீசில் லீவு கேட்டு மனுப் போட்டவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும். தங்கை கல்யாணமாக இருக்கும், ஊரில் கோவில் கொடையாக இருக்கும். ரெயில் டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டிருக்கும். மனு மட்டும் மேஜைக்கு மேஜை போய்க்கொண்டிருக்கும். கடைசியில், ஆள் குறைவு, இப்போது முடியாது என்று சிவப்பு மையில் எழுதித் திரும்பி வரும்.

1928-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இந்திய வாலிபர் இப்படித்தான் லீவு கேட்டார். அவருக்கு வயது 25. ஐ.சி.எஸ். பரீட்சையில் தேறி ஆக்ஸ்போர்டில் பயிற்சியில் இருந்தார். பயிற்சி முடிந்தால் இந்தியாவில் கலெக்டர் வேலை காத்திருந்தது. அவர் லீவு கேட்ட காரணம், ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஆக்கி அணிக்கு கேப்டனாகப் போகவேண்டும் என்பது.

லீவு கிடைக்கவில்லை. அவர் போய்விட்டார்.

அவர்தான் ஜெய்பால் சிங். இந்தியா ஒலிம்பிக்கில் வாங்கிய முதல் தங்கப் பதக்கத்துக்கு கேப்டன். தியான் சந்தைத் தெரிந்த அளவுக்கு நம்மில் பலருக்கு இவரைத் தெரியாது. ராஞ்சிப் பக்கம் வேலைக்குப் போன தமிழர்களைக் கேட்டால், ஸ்டேடியத்துக்கு இவர் பெயர் இருக்கிறது என்பார்கள்.

மாடு மேய்த்த சிறுவன்

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில் குந்தி என்ற ஊர் இருக்கிறது. அதன் அருகே டக்ரா என்ற சிற்றூரில் 1903-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி ஜெய்பால் பிறந்தார். முண்டா என்ற பழங்குடி வகுப்பு. சின்ன வயதில் வைத்த பெயர் பிரமோத் பாகன். தந்தையின் பெயர் அம்ரு பாகன். பாகன் என்றால் ஊர்ப் பூசாரி. நம் ஊர்களில் அய்யனார் கோவில் பூசாரிக்கு உள்ள மரியாதை அவர்களுக்கு அங்கே உண்டு.

அவர் பிறப்பதற்கு மூன்று வருடம் முன்புதான், வெள்ளைக்காரனை எதிர்த்து வில்லெடுத்த பிர்சா முண்டா ராஞ்சி ஜெயிலில் இறந்தார். அந்தப் போராட்டம் நடந்ததும் இதே குந்தி வட்டாரத்தில்தான்.

பையன் மற்ற பிள்ளைகளைப்போல மாடு மேய்த்தான். பிறகு ராஞ்சியில் பாதிரிமார் நடத்திய செயிண்ட் பால் பள்ளியில் சேர்க்கப்பட்டான். படிப்பிலும் விளையாட்டிலும் கெட்டிக்காரனாக இருந்தான். அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியர் காஸ்கிரேவ் என்ற ஆங்கிலப் பாதிரியார். அவர் 1918-ல் தாயகம் திரும்பியபோது பையனையும் கூட அழைத்துப்போனார். அப்போது அவனுக்கு வயது 15.

காட்டு ஓரத்து ஊரில் பிறந்த பையன், உலக யுத்தம் முடிந்தும் முடியாமலும் இருந்த இங்கிலாந்தில் போய் இறங்கினான். முதலில் கேன்டர்பரி நகரில் செயிண்ட் அகஸ்டின் கல்லூரி. அது பாதிரிமார்களை உருவாக்கும் இடம். அவனையும் பாதிரியாராக்கி ராஞ்சிக்குத் திருப்பி அனுப்புவதுதான் ஏற்பாடு. ஆனால் அங்கே இருந்தவர்களே பையனின் அறிவைப் பார்த்து மேல்படிப்புக்கு வழிசெய்தார்கள். 1922-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செயிண்ட் ஜான்ஸ் கல்லூரியில் இடம் கிடைத்தது.

ஆக்ஸ்போர்டில் பொருளாதாரம் படித்து ஆனர்ஸ் பட்டம் பெற்றார். ஆனால் ஜெய்பால் பெயர் வெளியே தெரிந்தது ஆக்கி மைதானத்தில்தான்.

நீல நிற மரியாதை

ஆக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் தலைமுறை தலைமுறையாகப் போட்டி. படகோட்டம், கிரிக்கெட், கால்பந்து, ஆக்கி எல்லாவற்றிலும் வருடத்துக்கு ஒரு முறை இரண்டும் மோதும். அந்த ஆட்டத்தில் இறங்கும் வீரருக்கு 'புளூ' என்ற மரியாதை. நீல நிறக் கோட்டு போட்டுக்கொள்ளலாம். பட்டத்தைவிட அதைப் பெரிதாக நினைத்தவர்கள் அங்கே உண்டு. ஆக்கியில் ஆக்ஸ்போர்டு புளூ வாங்கிய முதல் இந்திய மாணவர் ஜெய்பால் சிங்.

அவர் ஆடியது 'புல் பேக்' இடம். கோல் கீப்பருக்கு முன்னால் நின்று எதிரியை மறிக்கிற வேலை. கோல் போடுகிறவனுக்குக் கைதட்டல் கிடைக்கும். தடுக்கிறவனை, அவன் தவறவிட்டால்தான் கூட்டம் திரும்பிப் பார்க்கும். ஜெய்பால் பந்து வருகிற வழியை முன்கூட்டியே கணக்குப்போட்டு நிற்பதிலும், அடித்தால் பந்தை வெகுதூரம் அனுப்புவதிலும் பேர் வாங்கினார். பல்கலைக்கழகத்துக்கு வெளியே விம்பிள்டன் ஆக்கி கிளப்புக்கும் ஆடினார். ஆங்கிலப் பத்திரிகைகளில் விளையாட்டுக் கட்டுரைகளும் எழுதினார்.

இதற்கிடையே ஐ.சி.எஸ். பரீட்சை எழுதித் தேறினார். அந்த மூன்று எழுத்துக்கு அன்று இருந்த மதிப்பை இன்று விளக்குவது கஷ்டம். கலெக்டர், கமிஷனர், ஐகோர்ட்டு நீதிபதி, கவர்னரின் செயலாளர் என்று நாட்டையே ஆயிரம் பேர்தான் ஆண்டார்கள். அதில் இந்தியர்கள் கொஞ்சம் பேர். பழங்குடியில் பிறந்த ஒருவர் அந்த வரிசையில் உட்காரப் போகிறார் என்பது ராஞ்சி வட்டாரத்தில் யாரும் கனவில்கூட நினைக்காத விஷயம்.

தேறியவர்கள் உடனே வேலைக்குப் போய்விட முடியாது. பல்கலைக்கழகத்தில் தங்கி, இந்தியச் சட்டம், சரித்திரம், இந்திய மொழி எல்லாம் படிக்கவேண்டும். குதிரைச் சவாரிப் பரீட்சைகூட உண்டு. அந்தப் பயிற்சிக் காலத்தில்தான் இந்தியாவில் இருந்து அழைப்பு வந்தது.

மூன்று பேர் வழியனுப்பிய அணி

இந்திய ஆக்கி சம்மேளனம் ஆரம்பமானது 1925-ல். இடம் குவாலியர். மறு வருடமே ராணுவ வீரர்களைக் கொண்ட ஓர் அணி நியூசிலாந்து போய் 21 ஆட்டங்களில் 18-ல் ஜெயித்துவிட்டு வந்தது. தியான் சந்த் என்ற சாதாரண சிப்பாயின் பெயர் வெளியே வந்தது அந்தப் பயணத்தில்தான். அந்தத் தைரியத்தில் சம்மேளனம் 1928 ஒலிம்பிக்குக்கு அணி அனுப்பத் துணிந்தது.

துணிந்ததே தவிர கையில் பணம் இல்லை. 15 ஆயிரம் ரூபாய் துண்டு விழுந்தது. இரண்டு வீரர்களை விட்டுவிட்டுப் போகலாமா என்று யோசிக்கும் நிலைமை. வங்காள ஆக்கி சங்கம் கைகொடுத்ததால் அவர்களும் போக முடிந்தது.

1928 மார்ச் 10-ந் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் இருந்து 'கெய்சர்-இ-ஹிந்த்' என்ற கப்பலில் 13 வீரர்கள் புறப்பட்டார்கள். வழியனுப்ப வந்தவர்கள் மொத்தம் 3 பேர். சம்மேளனத் தலைவர் ஒருவர், துணைத்தலைவர் ஒருவர், ஒரு பத்திரிகையாளர். மாலை இல்லை, மேளம் இல்லை. நம்மவர்கள் துபாய் வேலைக்குப் போகும்போதுகூட விமான நிலையத்துக்கு ஒரு வேன் ஆட்கள் வருவார்கள்!

அந்த அணியில் பாதிக்கு மேல் ஆங்கிலோ-இந்தியர்கள். அன்று ஆக்கி என்றாலே ரெயில்வே, தந்தி இலாகா, சுங்க இலாகா, ராணுவம் என்றுதான் இருந்தது. கோல் கீப்பர் ரிச்சர்ட் ஆலன் படித்ததே ஈஸ்ட் இந்தியன் ரெயில்வே தன் ஊழியர்களின் பிள்ளைகளுக்காக முசூரியில் நடத்திய ஓக் குரோவ் பள்ளியில்தான்.

கேப்டன் மட்டும் கப்பலில் இல்லை. அவர் ஏற்கனவே இங்கிலாந்தில் இருந்தார். வெள்ளைக்காரன் எப்படி ஆடுவான், ஐரோப்பிய மைதானம் எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரிந்த இந்தியர் என்று அவரைப் பொறுக்கியிருந்தார்கள். இங்கிலாந்தில் போய் இறங்கும் அணியோடு அவர் சேர்ந்துகொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

லீவு இல்லை

இங்கேதான் சிக்கல் வந்தது.

ஒலிம்பிக் ஆக்கி நடப்பது மே மாதத்தில். அதற்கு முன் ஏப்ரலில் இங்கிலாந்தில் பயிற்சி ஆட்டங்கள். ஆக்ஸ்போர்டில் கோடைப் பருவ வகுப்புகள் நடப்பதும் அதே சமயத்தில்தான். பயிற்சியில் இருப்பவர் பருவம் முழுவதும் பல்கலைக்கழகத்தில் இருக்கவேண்டும். எனவே ஜெய்பால், லண்டனில் இருந்த இந்தியா ஆபீசுக்கு லீவு மனுப் போட்டார். இந்தியாவுக்கான மந்திரியின் கீழ் இருந்த அந்த ஆபீசுதான் ஐ.சி.எஸ். பயிற்சிக்காரர்களுக்கு மேலிடம்.

லீவு தர முடியாது என்று பதில் வந்தது.

மேலிடத்துக்கும் ஒரு நியாயம் இருந்திருக்கலாம். ஒருவனுக்கு விளையாட்டுக்கு லீவு கொடுத்தால் நாளைக்கு இன்னொருவன் கிரிக்கெட் என்று வருவான். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே என்று கேட்கலாம். ஆனால் கேட்டது சொந்தக் காரியத்துக்கு அல்ல. எந்த நாட்டை ஆள இவருக்குப் பயிற்சி கொடுக்கிறார்களோ, அந்த நாட்டின் பெயரைத் தாங்கிப் போகும் அணிக்குத்தான் லீவு கேட்டார். அதையும் மறுத்தார்கள்.

ஜெய்பாலுக்கு முன்னால் இரண்டே வழி. லீவு இல்லை என்று அணிக்குத் தகவல் சொல்லிவிட்டு வகுப்பில் போய் உட்காரலாம். கலெக்டர் வேலை நிச்சயம். அல்லது சொல்லாமல் கிளம்பலாம். வருவதை அனுபவிக்கவேண்டும்.

அவர் வீட்டில் நிலபுலன் எதுவும் கொட்டிக் கிடக்கவில்லை. பின்னால் தாங்கிப் பிடிக்க ஜமீன்தார் மாமனார் கிடையாது. படித்த படிப்புகூடப் பிறர் உதவியால் படித்தது. இதையெல்லாம் வைத்துப் பார்த்தால்தான் அவர் எடுத்த முடிவின் கனம் தெரியும். அவர் மட்டையை எடுத்துக்கொண்டு அணியோடு சேர்ந்துவிட்டார்.

29 கோல்

ஆம்ஸ்டர்டாமில் மே 17-ந் தேதி முதல் ஆட்டம். ஆஸ்திரியாவை 6-0 என்று ஜெயித்தார்கள். மறுநாளே பெல்ஜியம், 9-0. மே 20-ந் தேதி டென்மார்க், 5-0. மே 22-ந் தேதி சுவிட்சர்லாந்து, 6-0.

ஐரோப்பியர்கள் வாயைப் பிளந்தார்கள். தியான் சந்தின் மட்டையில் பந்து ஒட்டிக்கொண்டு போவதைப் பார்த்துப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. பின்னால் நின்று காத்தவர்களைப் பற்றி அவ்வளவு எழுதவில்லை. ஆனால் எதிரணி எல்லாம் சேர்ந்து ஒரு கோல்கூடப் போடவில்லை என்றால், புல் பேக்குகளும் கோல் கீப்பரும் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள் என்று அர்த்தம் இல்லையே.

மே 26-ந் தேதி இறுதி ஆட்டம். எதிரி ஆலந்து. அவர்களுடைய சொந்த மண். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம். இந்திய அணியில் பல பேருக்குக் காயம், காய்ச்சல். தியான் சந்தே காய்ச்சலோடுதான் இறங்கினார். அப்படியும் 3-0 என்று இந்தியா ஜெயித்தது. ஐந்து ஆட்டம், 29 கோல். வாங்கியது ஒன்றும் இல்லை. 29-ல் 14 தியான் சந்த் போட்டது.

அந்த இறுதி ஆட்டத்தில் கேப்டன் ஜெய்பால் சிங் ஆடவில்லை. எரிக் பின்னிகர் தலைமை ஏற்று ஆடினார். மானேஜராக வந்த ரோசியர் என்ற வெள்ளைக்காரருக்கும் ஜெய்பாலுக்கும் ஒத்துப்போகவில்லை என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். லீவு இல்லாமல், வேலையைப் பணயம் வைத்து வந்தவர், தங்கம் கைக்கு வரும் அந்த ஒரு நாள் மட்டும் மைதானத்துக்கு வெளியே இருந்தார்.

1920-ல் ஒலிம்பிக் ஆக்கித் தங்கம் வாங்கிய பிரிட்டன் 1928-ல் அணியே அனுப்பவில்லை. தாங்கள் ஆளும் நாட்டிடம் தோற்றால் மானம் போகும் என்று பயந்துவிட்டார்கள் என்ற பேச்சு அன்று முதல் உண்டு. இரண்டு நாடுகளும் ஒலிம்பிக்கில் மோதியது 1948-ல் லண்டனில்தான். சுதந்திர இந்தியா 4-0 என்று ஜெயித்தது.

வெற்றி பெற்ற அணி பம்பாய் திரும்பியபோது பாலார்டு பியர் பக்கத்தில் நிற்க இடம் இல்லை. 3 பேர் வழியனுப்பிய இடத்தில் நகர மேயரே வரவேற்க வந்திருந்தார். ஜெய்பால் அந்தக் கப்பலிலும் இல்லை. அவர் ஆக்ஸ்போர்டுக்குத் திரும்பிப் போயிருந்தார், பதில் சொல்வதற்கு.

ஒரு வருடம் தண்டனை

அனுமதி இல்லாமல் போனதற்காக, பயிற்சியில் இன்னும் ஒரு வருடம் கூடுதலாக இருக்கவேண்டும் என்று ஜெய்பாலுக்கு உத்தரவு வந்தது. நாட்டுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்ததற்கு இது சன்மானம்.

ஒரு வருடம் என்றால் பெரிய விஷயம் இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கலாம் என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள். ஒரு வருட சீனியாரிட்டி போனால் என்ன ஆகும் என்று குமாஸ்தாக்களுக்குத் தெரியும். கூடச் சேர்ந்தவன் எல்லாம் ரிட்டையர் ஆகும்வரை ஒரு படி மேலேயே இருப்பான். ஆனால் ஜெய்பால் அந்தக் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை. தன்மேல் தப்பு இல்லாதபோது தண்டனையை ஏற்கமாட்டேன் என்று நின்றார். ஐ.சி.எஸ். பதவியை உதறினார்.

லீவு பிரச்சினை அவரோடு முடியவில்லை. 1932-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்கு வீரர்களைத் தேர்ந்தெடுக்க மாகாணங்களுக்கு இடையே போட்டி வைத்தார்கள். அதில் ஆட தியான் சந்துக்கு அவருடைய பட்டாளத்தில் லீவு கொடுக்கவில்லை. உலகமே பேசும் ஆட்டக்காரர், தேர்வுப் போட்டிக்கு வர முடியாமல் முகாமில் இருந்தார். சம்மேளனம் தேர்வு இல்லாமலே அவரைச் சேர்த்துக்கொண்டது. அவருக்கு மேலே இருந்தவர்கள் கடைசியில் விட்டுக்கொடுத்தார்கள். ஜெய்பாலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

சென்னைக்காரர் எம்.ஜே. கோபாலனுக்கு வந்தது வேறு மாதிரிச் சங்கடம். 1934-ல் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் அவர். தியான் சந்தோடு 1935-ல் நியூசிலாந்து போய் ஆக்கியும் ஆடினார். 1936-ல் ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக் ஆக்கி, இன்னொரு பக்கம் இங்கிலாந்துக்குப் போகும் கிரிக்கெட் அணி. இரண்டும் ஒரே கோடைகாலத்தில். கோபாலன் கிரிக்கெட்டோடு போனார். இங்கிலாந்தில் ஒரு டெஸ்டில்கூட அவரை இறக்கவில்லை. பெர்லினில் ஆக்கி அணி ஜெர்மனியை 8-1 என்று தோற்கடித்துத் தங்கம் வாங்கியது.

இன்று மத்திய சர்க்கார் ஊழியர் தேசிய, சர்வதேசப் போட்டிக்குப் போனால் தனியாக 'ஸ்பெஷல் கேஷுவல் லீவு' உண்டு. வருடத்துக்கு 30 நாள்வரை கிடைக்கும். 1928-ல் அப்படி ஒரு விதி இருந்திருந்தால் ஜெய்பால் எங்காவது ஒரு ஜில்லாவில் கலெக்டராக இருந்து ரிட்டையர் ஆகியிருப்பார்.

எண்ணெய்க் கம்பெனியில் இருந்து ஆப்பிரிக்காவரை

பதவியை விட்டவருக்கு வேலை கிடைக்காமல் போகவில்லை. பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனி அவரை எடுத்துக்கொண்டு கல்கத்தாவில் அதிகாரியாகப் போட்டது. நம் கோபாலன் சென்னையில் வேலை பார்த்ததும் இதே கம்பெனியில்தான். கல்கத்தாவில் மோகன் பகான் கிளப்புக்கு ஆக்கி அணி அமைய ஜெய்பால் காரணமாக இருந்தார். காங்கிரசின் முதல் தலைவர் டபிள்யூ.சி. பானர்ஜியின் பேத்தி தாராவை மணந்துகொண்டார்.

1934-ல் ஆப்பிரிக்காவில் கோல்டு கோஸ்ட், அதாவது இன்றைய கானா நாட்டில் அச்சிமோட்டா கல்லூரி ஆசிரியராகப் போனார். 1937-ல் ராய்ப்பூரில் ராஜகுமாரர்கள் படிக்கும் ராஜ்குமார் கல்லூரிக்கு முதல்வர். மாடு மேய்த்த முண்டா பையன் மகாராஜா பிள்ளைகளுக்குத் தலைமை வாத்தியார்! அடுத்து பிக்கானீர் சமஸ்தானத்தில் மந்திரி பதவி.

மீண்டும் ராஞ்சி

இந்தப் பதவிகளிலேயே இருந்திருந்தால் அவர் பெயர் விளையாட்டுப் புத்தகத்தில் ஒரு வரியோடு நின்றிருக்கும். 1939 ஜனவரியில் ராஞ்சியில் ஆதிவாசி மகாசபை மாநாடு கூடியது. தலைமை தாங்க ஜெய்பாலை அழைத்தார்கள். 15 வயதில் ஊரை விட்டுப் போனவர் 36 வயதில் தன் ஜனங்களுக்கு முன்னால் வந்து நின்றார். கோட்டும் டையும் போட்ட, ஆங்கிலேயனைப்போலப் பேசுகிற மனிதர். ஆனாலும் காட்டில் இருந்து நடந்தே வந்த ஜனங்கள் அவரைத் தங்கள் ஆளாக ஏற்றுக்கொண்டார்கள். 'மராங் கோம்கே' என்று பட்டம் கொடுத்தார்கள். முண்டாரி மொழியில் பெரிய தலைவர் என்று பொருள்.

அன்று ராஞ்சி வட்டாரம் பீகார் மாகாணத்தில் இருந்தது. நிலம் ஆதிவாசியுடையது. மண்ணுக்குள் நிலக்கரி, இரும்பு. ஆனால் கடன் கொடுக்கிறவன், காண்டிராக்டர், அதிகாரி எல்லாம் வெளியில் இருந்து வந்தவர்கள். தன் ஊரிலேயே கூலியாகி, அசாம் தேயிலைத் தோட்டத்துக்குப் பஞ்சம் பிழைக்க ரெயிலேறியவர்கள் ஆயிரம் ஆயிரம் பேர். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. தனி மாநிலம் வேண்டும் என்பது ஜெய்பாலின் கோரிக்கை.

1946-ல் அரசியல் நிர்ணய சபைக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். டிசம்பர் 19-ந் தேதி அவர் பேசிய பேச்சு இன்றைக்கும் நினைவுகூரப்படுகிறது. தன்னைக் காட்டுவாசி என்று சொல்லிக்கொள்ளத் தனக்கு வெட்கம் இல்லை என்றார். இந்த மண்ணின் பூர்வகுடிகள் காலங்காலமாக விரட்டப்பட்டும் ஏமாற்றப்பட்டும் வந்திருக்கிறார்கள் என்று சபையின் முகத்துக்கு நேரே சொன்னார். ஜனநாயகத்தை ஆதிவாசிக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், அவனிடம் இருந்து மற்றவர்கள்தான் கற்கவேண்டும் என்றார். அப்படிச் சொல்லிவிட்டும், சுதந்திர இந்தியாவில் புது வாழ்வு பிறக்கும் என்று நேருவை நம்பினார்.

மதுவிலக்கைப் பற்றிய ஷரத்து வந்தபோது அதை எதிர்த்த சிலரில் அவரும் ஒருவர். அரிசியில் காய்ச்சும் பானம் இல்லாமல் ஆதிவாசியின் பூசையும் கல்யாணமும் நடக்காது, வயலில் நாற்று நடும் பெண்ணுக்கும் அதுதான் தெம்பு என்பது அவர் வாதம். சபையில் பலருக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காத பந்தையும் தடுத்து ஆடிப் பழகியவர் அவர்.

சேவல் சின்னம்

1952 பொதுத்தேர்தலில் அவருடைய ஜார்க்கண்ட் கட்சி சேவல் சின்னத்தில் நின்றது. பீகார் சட்டசபையில் 30-க்கும் மேற்பட்ட இடங்களைப் பிடித்து எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது. ஜெய்பால் பாராளுமன்றத்துக்குப் போனார். கடைசிவரை எம்.பி.யாக இருந்தார்.

ஆனால் தனி மாநிலம் கிடைக்கவில்லை. ஆந்திரா, கேரளா, மைசூர் என்று மொழி பார்த்துப் பிரித்த காலம் அது. முண்டாரி, சந்தாலி, ஓராவ் என்று பல மொழி பேசும் வட்டாரத்துக்குப் பொது மொழி ஏது என்று கேட்டு, 1955-ல் மாநில மறுசீரமைப்புக் கமிஷன் கோரிக்கையைத் தள்ளியது. அடுத்தடுத்த தேர்தல்களில் கட்சியின் பலம் குறைந்தது.

1963-ல் ஜெய்பால் தன் கட்சியைக் காங்கிரசோடு இணைத்தார். பீகார் மந்திரிசபையில் கொஞ்ச காலம் மந்திரியாகவும் இருந்தார். கூட இருந்தவர்கள் பலர் அதை மன்னிக்கவில்லை. இருபத்து நான்கு வருடம் கட்டிய வீட்டை அவரே இடித்துவிட்டார் என்று குறைப்பட்டார்கள். அந்தக் குறையில் நியாயம் உண்டு. 1928-ல் ஒரு வருட தண்டனைக்குப் பணியாதவர், இந்த முறை ஏன் பணிந்தார் என்று ராஞ்சியில் இன்றும் பேசுகிறார்கள்.

1970 மார்ச் 20-ந் தேதி டெல்லியில் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து ஜெய்பால் சிங் இறந்தார். வயது 67.

அவர் கேட்ட மாநிலம் 2000-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி, பிர்சா முண்டாவின் பிறந்த நாளில் பிறந்தது. 2021-ல் ஜார்க்கண்ட் அரசு அவர் பெயரில் ஓர் உதவித்தொகை கொடுத்து, ஆதிவாசி மாணவர்கள் 6 பேரை இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்குப் படிக்க அனுப்பியது.

குந்தியிலும் சிம்டேகாவிலும் இன்றும் அறுவடை முடிந்த வயல்களில் பிள்ளைகள் மூங்கில் கட்டையை வளைத்து மட்டையாக்கி ஆக்கி ஆடுகிறார்கள். கிராமத்துக்குக் கிராமம் போட்டி நடக்கும். ஜெயித்த அணிக்குக் கோப்பை கிடையாது. ஓர் ஆட்டுக்கிடாய் கொடுப்பார்கள். அதை அன்று இரவே சமைத்து, தோற்ற ஊர்க்காரர்களுக்கும் இலை போடுவது உண்டு. 1975-ல் உலகக் கோப்பை வாங்கிய அணியில் இருந்த மைக்கேல் கிண்டோவும், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய சில்வானஸ் டுங்டுங்கும் சிம்டேகாப் பக்கத்தில் இருந்து வந்தவர்கள். 2016-ல் ரியோ ஒலிம்பிக் பெண்கள் ஆக்கி அணியில் ஆடிய நிக்கி பிரதான், ஜெய்பால் பிறந்த அதே குந்தி வட்டாரத்துப் பெண்.